கருவாடு மணக்காத தாள்கள்

போன கிழமை ஒரு மாணவன் தன் கள ஆய்வு வினாக்கொத்துகளை என் மேசையில் வைத்தான். கரையோரக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் போய்க் கேட்டு நிரப்பியவையாம். எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், என் பரிசோதனை அதுதான். போட்டோக் கொப்பி வாசம் மட்டுமே வந்தது.

அந்த வாசம் எனக்குப் பழக்கம். பல்கலைக்கழக இறுதி வருடத்தில் நானும் என்னோடு படித்த சுகந்தியும் சேர்ந்து ஒரு அறிக்கை செய்தோம். மயிலிட்டி என்ற மீனவக் கிராமத்தில், பட்டியல்படி ஆளுக்கு இருபது வீடுகள். போரில் இடம்பெயர்ந்த சனம் திரும்பிவந்து குடியேறத் தொடங்கியிருந்த நேரம். சுகந்தியின் தாள்களில் வியர்வை, மீன் செதில், கருவாட்டு மணம் எல்லாம் இருந்தன. நான் ஒன்பது வீடு போனேன், வெயில் மண்டையைப் பிளந்தது, பஸ் ஏறிவிட்டேன். மிச்சத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு கூல்பாரில் இருந்து மூன்று பேனைகளால் நிரப்பினேன். இரண்டு தாளில் தின்ற ரோல்ஸின் எண்ணெயைக்கூடப் பூசினேன், அவ்வளவு கெட்டிக்காரன். பதினோராம் வீட்டுக்கு இரண்டு மகன்களைக் கொடுத்தேன். ஒருவன் மீன்பிடி, மற்றவன் வெளிநாடு.

நல்ல புள்ளி வந்தது. நான் அத்தோடு மறந்துவிட்டேன். சுகந்தியோ, எழுதியதை வந்து வாசித்துக் காட்டுவதாகச் சனத்துக்குச் சொல்லியிருந்தாள். அறிக்கையோடு திரும்பப் போனவள் என் வீடுகளுக்கும் போயிருக்கிறாள். அன்று பின்னேரம் கன்ரீனில் என் முன்னால் வந்து இருந்தாள்.

"உன்ரை பதினோராம் வீட்டு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். 'ரெண்டு மகன்மாரோ பிள்ளை? எனக்கு ஒருத்தன்தான். அவனும் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை. என்னட்டை ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே' எண்டு சொன்னவ. நீ போகேல்லைதானே?"

"ஓம்" என்றேன்.

"இப்ப என்னோடை வா. அவவிட்டைச் சொல்லு."

"சோதினை முடியட்டும், வாறன்."

அதற்குப் பிறகு சுகந்தி என்னோடு கதைக்கவில்லை. பரீட்சை முடிந்தும் வெட்கத்தில் சில மாதங்களைக் கடத்திவிட்டுத்தான் போனேன். வீடு பூட்டியிருந்தது. அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மாணவனிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். "இண்டைக்கே போம் தம்பி. சனம் இருக்கேக்கை போம்."

"கோவமோ சேர்?"

இல்லை என்றேன்.

அந்தப் பதினோராம் வீட்டு வளவில் இப்போது வேறு ஆட்கள். எங்கள் அறிக்கை நூலகத்தில் இருக்கிறது. நான் அறிய அந்த அம்மாவைப் பற்றி எழுதப்பட்டது அதில் உள்ள நாலு வரிதான், நாலும் என் பொய். கடலுக்குப் போன அந்த மகனின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.