வெறுங்காலில் ஒரு சுவாமி

பாண்டி பஜார், நடுப்பகல். நான் திருச்சியிலிருந்து பார்க்க வந்த சுவாமி, வெறுங்காலோடு நடைபாதைச் செருப்புக் கடையில் நிற்கிறார். தரை சுடுவதால் கால் மாற்றி மாற்றி நின்று பேரம் பேசுகிறார்.

"இன்னா சாமி, போன மாசம்தான வாங்கிக்கினு போன? செருப்ப போட்டுக்கிறியா, துன்றியா?" என்கிறார் கடைக்காரர்.

"பூஜைக்குன்னு பக்தாள் யாராவது எடுத்துண்டு போயிடறா. நான் என்ன பண்றது?"

அந்தப் பக்தர்களில் நானும் ஒருவன். எம்.ஏ. படித்தவன், அறுபதைக் கடந்தவன், போன வருடம் மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலிலிருந்து ஒரு ஜோடியைத் திருடினேன். தினமும் பூப்போட்டுக் கும்பிட்டும் மனம் உறுத்தியது. திருப்பித் தரத்தான் வந்திருக்கிறேன். பட்டுத்துணியைப் பிரித்து, சந்தனம் காய்ந்த செருப்பை அவர் முன் வைக்கிறேன்.

"மன்னிக்கணும் சுவாமி."

அவர் ஆவலோடு காலை நுழைக்கிறார். குதிகால் வெளியே நிற்கிறது.

"இது என்னோடது இல்லையே. எங்காத்துக் குழாய் ரிப்பேர் பண்ண வந்தவனோடது. பாவம், ஈக்காட்டுத்தாங்கலுக்கு வெறுங்காலோட போனான்."

"ஒரு வருஷமா பூஜை பண்ணிட்டேனே சுவாமி."

"பண்ணினா என்ன, நல்ல மனுஷன்தான். ஆனா மன்னிப்பை அவன்கிட்ட போய்க் கேளுங்கோ."

ஈக்காட்டுத்தாங்கலுக்கு எந்த பஸ் என்று கடைக்காரரிடம் விசாரிக்கிறேன். வழி சொல்லிவிட்டு அவர், "சந்தனத்த கயிவிட்டுக் குடு நைனா. பொட்டு வெச்ச செருப்ப பாத்தா பயந்துடுவான்" என்கிறார்.