தாலிச் செயினில் இருந்த ஊக்கு

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு மாலை, அம்பத்தூரில் வேலை முடிந்து ஆவடி பஸ் ஏறியவன், காலியாக இருந்த பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தோடு ஏறிய ஒரு பெண், "கொஞ்சம் எழுந்துக்கோண்ணே, லேடீஸ் சீட்டு" என்றார்.

"எல்லாத்துலயும் சம உரிமை கேக்குறீங்க இல்ல? எங்கள மாதிரி நின்னுகினு வாங்க" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் நின்றே வந்தார். இறங்கும்போது என் பக்கம் குனிந்து, விரித்த ஊக்கைக் காட்டினார். "நின்னுகினுதாண்ணே வந்தேன். ரெண்டு பேரைக் குத்த வேண்டியதாப் போச்சு. நீ நின்னா உன்னை யாருனா உரசுவானா?"

நிற்பது எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தாலிச் செயினில் தொங்கிய ஊக்கு கண்ணில் பட்டது. பதினைந்து வருடமாகப் பார்ப்பதுதான். "இது புடவைக்குத்தானே?" என்றேன்.

"பஸ்ஸுக்கும்தான். நம்ம பொண்ணு பையிலயும் ஒண்ணு போட்டுருக்கேன்" என்றாள், சாதாரணமாக.

மகள் அப்போது ஏழாம் வகுப்பு.

இப்போது அந்த இருக்கைகளில் நான் உட்காருவதில்லை. யாராவது என்னைப் போலவே நியாயம் பேசினால், "ஊட்ல ஊக்கு எதுக்குன்னு கேட்டுகினு வா, மச்சான்" என்கிறேன். இதுவரை ஒருவரும் திரும்பி வந்து பதில் சொன்னதில்லை.