நூலக வரி கட்டிய ரசீது

எங்கள் தெருவுக்கு ஜப்தி வந்தது ஒரு சனிக்கிழமை காலை. வீட்டு வரி பாக்கி வைத்தவர்களின் பாத்திரங்களைத் தூக்கிப்போகப் பஞ்சாயத்திலிருந்து ஆள் வருவதாக இரண்டு நாளாகத் தண்டோரா போட்டிருந்தார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வரியை மார்கழியிலேயே கட்டி, ரசீதை அடுப்படி நிலையில் தொங்கும் கம்பியில் குத்தி வைத்தவர் அவர். வீட்டில் விளக்குமாறு காணாமல் போனாலும் போகும், அப்பாவின் கம்பியிலிருந்து ஒரு ரசீது போகாது.

அந்த ரசீது கம்பியில் இல்லை என்பது வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். வீட்டு வரி என்று போட்டு, அதற்குக் கீழே நூலக வரி என்று சில காசுகள் எழுதியிருந்தது. அப்பா ஜென்மத்தில் நூலகப் பக்கம் போனதில்லை. ஆனாலும் காசு கட்டியிருக்கிறார். சினிமாக் கொட்டகையில் காசு கட்டினால் சீட்டுத் தருகிறார்கள், பஸ்ஸிலும் தருகிறார்கள். ஆகவே நூலகத்துக்குள் போவதற்கு இதுதான் சீட்டு என்று என் ஒன்பது வயது மூளை தீர்ப்பெழுதிவிட்டது. மெல்ல உருவிக்கொண்டேன். நூலகரிடம் அதை நீட்டியபோது அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து நோட்டைத் தள்ளினார். சரிபார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

பேச்சி என் வகுப்புக்காரி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்து, அங்கேயே மோட்டார் ரூமில் குடியிருந்தார்கள். அதற்குக் கதவு எண் கிடையாது, வரியும் கிடையாது. "ஒங்களுக்கு ரசீது இல்லையே, ஒன்ன உள்ள விடமாட்டாக" என்று நான்தான் அவளுக்குச் சட்டம் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது. எனக்கே பாவமாகிவிட்டது. ஒரு ரசீதுக்கு ஒரு ஆள்தான் என்பதும் என் சட்டமே என்பதால், ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவள் என்று ரசீதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். அந்தச் சனிக்கிழமை அவள் முறை.

"கட்டியாச்சுப்பா. ரசீத எடுத்தாரேன், இரு" என்று வாசலுக்கு வந்த பஞ்சாயத்து பில் கலெக்டரிடம் சொல்லிவிட்டு அப்பா சிரித்தபடி உள்ளே வந்தார். கம்பியைக் கழற்றி ஒவ்வொன்றாக உருவினார். உரக்கடைச் சீட்டு, கரண்டு பில், மறுபடியும் உரக்கடைச் சீட்டு. இரண்டாம் தடவை அடியிலிருந்து உருவியபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பில் கலெக்டர் ஊருக்குப் புதிது; முன்பிருந்தவர் வரவு எழுதாமல் விட்டுப்போனது அவருக்குத் தெரியாது. "பதிவேட்டுல வரவு இல்லைங்க. ரசீதக் காட்டுங்க, இப்பவே போயிர்றேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகவே உள்ளே கையும் காட்டினார். அக்கா கல்யாணத்துக்காகப் பேர் வெட்டி வைத்திருந்த பித்தளை அண்டாவை இரண்டு ஆட்கள் தூக்கினார்கள். அடுத்த வாரம் பரிசம். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறைக்காரர் எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சுவரோடு ஒண்டி அழுதாள்.

"எவடி கம்பியத் தொட்டது?" என்றாள் அம்மா.

சொன்னால் என் முதுகுத்தோல் உரியும், நூலகமும் போகும். சொல்லாவிட்டால் அண்டா போகும். "நான் தொடலம்மா" என்றேன்.

அண்டாவை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்பா வாசற்படியில் நின்று, "நான் பொய் சொல்றவனாப்பா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார். அவர் குரல் அப்படி உடைந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பேச்சி வந்தாள். வழியில் யாரோ சொல்லக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்க, நாலாக மடித்த ரசீதை அப்பாவிடம் நீட்டினாள். பில் கலெக்டர் எண்ணைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அண்டா இறங்கியது.

"இது ஒனக்கு எங்கன கெடச்சுச்சு?" என்று அம்மா கேட்டாள்.

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"அங்கன, வாய்க்கா ஓரத்துல கெடந்துச்சுங்கம்மா."

"கம்பியில இருந்தது காலு மொளச்சு வாய்க்காலுக்குப் போச்சாக்கும்" என்றாள் அம்மா.

சாயந்திரம் மோட்டார் ரூமுக்குச் செய்தி போனது. திருட்டுப் பட்டத்தோடு பேச்சி அடி வாங்கினாள். அதன்பிறகு அவளை எங்கள் வாசல் ஏற விடவில்லை. அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரசீதுகள் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டன. அடுத்த வாரம் வெறுங்கையோடு, பயந்து பயந்து நூலகத்துக்குப் போனேன். நூலகர் ஒன்றும் கேட்கவில்லை. பழகிய முகம் என்று விடுகிறார் என நினைத்துப் பெருமைப்பட்டேன். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே பேச்சி நின்று எட்டிப் பார்த்தாள். சீட்டு இல்லையே என்று நான் கையை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

கல்லூரி விடுமுறையில் ஒருமுறை நூலகரிடம் அந்த ரசீதுக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை. "ரசீதா, அது எதுக்கு? வரி கட்டுறது வீடு உள்ளவக. படிக்கிறதுக்கு யாரு வேணாலும் வரலாம்த்தா. அதுக்குத்தான அந்த வரியே" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று பேச்சி ஒரு தாளும் இல்லாமல் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவளைத் தடுக்க அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.