சுடிதாரின் கீழ்விளிம்பு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பொற்கொடியின் கண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. கார் முன்விளக்குக்கு மூடி செய்யும் கம்பெனியில் அவள் செக்கிங். இடது மூடியையும் வலது மூடியையும் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்ப்பாள். மயிரிழை பிசகியிருந்தாலும் கழித்துப் போடும் சிவப்புப் பெட்டிதான். அந்தப் பிசகுக்கு அங்கே அசிமெட்ரி என்று பெயர். கோவில்பட்டியில் எட்டாவதோடு படிப்பை விட்டவள், அந்த வார்த்தையைச் சும்மா விடவில்லை. கணவன் மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்தால் அசிமெட்ரி, தோசை கோணினால் அசிமெட்ரி. வீடே சிரிக்கும்.

மகள் கவிப்ரியா ஒன்பதாவது போனபோது புது யூனிஃபார்ம் தைத்து வந்தது. போட்டுப் பார்த்தால் சுடிதாரின் கீழ்விளிம்பு ஒருபக்கம் இறங்கி நின்றது. பொற்கொடி விடுவாளா? மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு டெய்லர் மாதேஷ் கடைக்குப் போனாள்.

"என்ன தம்பி தச்சிருக்க? ரெண்டு பக்கமும் ஒண்ணாவா இருக்கு?"

"டேப் வெச்சிதான்க்கா வெட்னேன். பாப்பாதான் ஒருபக்கமா சாஞ்சி நிக்குது."

பொற்கொடி மகளின் தோளில் ஓர் அடி வைத்தாள். "ஏட்டி, நேரா நில்லு."

"நேராதாம்மா நிக்கறேன்," என்றாள் கவிப்ரியா. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

மாதேஷை நம்பாமல் பொற்கொடியே ஊசியை எடுத்தாள். பீஸ் ஏன் கோணியது என்று கேட்பது செக்கிங் வேலை இல்லை. வெளியே போவது ஒத்திருந்தால் போதும். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. இறங்கிய பக்கத்தை மடித்துத் தைத்தாள். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் மடித்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பள்ளியில் ஒருவர் கண்ணிலும் படாத அளவுக்குச் சுத்தமான தையல்.

பிளஸ் டூவில் முதுகுவலி தாங்காமல் பிள்ளை அழுதபோதுதான் பெங்களூருக்கு ஓடினார்கள். டாக்டரம்மா கவிப்ரியாவைக் குனியச் சொன்னார். முதுகின் ஒருபக்கம் மேடாக எழும்பி நின்றது.

"தோள்பட்டையில அசிமெட்ரி தெரியுது பாருங்க. முதுகெலும்பு வளைஞ்சிருக்கு. வளர்ற வயசுலயே வந்திருந்தா பெல்ட் போட்டுப் பார்த்திருக்கலாம். இப்போ ஆபரேஷன்தான். இத்தனை நாள் கண்ணுல படவே இல்லையா?"

படாமல் என்ன? பட்டது. துணியில் பட்டது. திரும்பும் பஸ்ஸில் பொற்கொடி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓசூர் வரும்வரை அழுதாள்.

மறுநாள் காலையில் பிளேடை வைத்து யூனிஃபார்மின் மடிப்பைப் பிரித்தாள்.

"அய்யோ, எல்லாரும் பாப்பாங்கம்மா!"

"பாக்கட்டும்."

கவிப்ரியா அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். விளிம்பு ஒருபக்கம் நன்றாக இறங்கித் தொங்கியது. பொற்கொடி அந்தத் தோளைத் தடவ மெல்லக் கையைக் கொண்டுபோனாள். பிள்ளை சட்டென்று ஒடுங்கினாள்.

"நேராதாம்மா நிக்கறேன்."

"ஆமா தாயி," என்றாள் பொற்கொடி. "நீ நேராத்தான் நிக்கிற."