ரேம் கூட்ட முடியுமா என்று கேட்டு வந்தவர்கள்

லேப்டாப்பைத் திறக்கிற தொழிலுக்கு ஸ்க்ரூடிரைவர் இரண்டாவது. திருடி மாதிரி இல்லாத முகம்தான் முதலில் வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோடு பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். விலை குறைந்த லேப்டாப்பை வாங்கி, ஆறே மாதத்தில் அது ஆமையாகி, மெமரியும் ஸ்டோரேஜும் கூட்ட முடியுமா என்று கடை கடையாக ஏறி இறங்கியவரா நீங்கள்? கடைக்காரரை அப்போது எப்படிப் பார்த்தீர்களோ, அப்படித்தான் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

இல்லாத ஸ்லாட்

கைலாசபுரத்திலிருந்து ஒருவர் மகளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் ஸ்க்ரூவைக் கழற்றக் கழற்ற, ஒவ்வொன்றையும் செல்லில் போட்டோ எடுத்து, காகிதத்தில் நம்பர் போட்டு வைத்தார். அடிமூடியைத் தூக்கினால், ரேம் மாட்டுகிற இடமே இல்லை. மெல்லிசான மாடல் சிலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்ட வழியில்லை. "ஸ்டோரேஜை மட்டும் பெருசாக்கலாம் சார்" என்றேன்.

அவர் குனிந்து என் மேஜைக்கு அடியில் பார்த்தார். குப்பைக்கூடையையும் பார்த்தார். லென்ஸைக் கையில் கொடுத்து, பற்றவைத்த சில்லுகளைக் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சரிம்மா, நீங்க எடுக்கலை. வித்தவன்தான் எடுத்துட்டு வித்திருக்கான்."

ஒரே நாளில் வாங்கிய இரண்டு

ஸ்டெல்லா டீச்சர் கணவரோடு வந்தார். இருவரும் ஒரே நாளில் ஒரே மாடல் வாங்கியவர்கள். டீச்சருடையது மட்டும் மார்க் ஏற்ற உட்கார்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். திறந்தேன். பில்லில் இரண்டு ரேம், உள்ளே ஒன்றுதான். ஸ்க்ரூ தலைகள் தேய்ந்திருந்தன. "இதை முன்னாடியே யாரோ திறந்திருக்காங்க டீச்சர்."

விற்ற கடையை உண்டு இல்லை என்று பண்ணுவதாக டீச்சர் கொதித்தார். கணவர் மட்டும், "விடு ஸ்டெல்லா, புதுசு ஒண்ணு போட்டுக்கலாம்" என்று அவசரப்பட்டார். எனக்குப் பொறி தட்டியது. டீச்சர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், மனுஷன் கொட்டிவிட்டார். அவருடைய ரேம் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. டீச்சர் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் டீச்சருடைய லேப்டாப்பிலிருந்து ஒன்றைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு அப்பவே சந்தேகம். மெதுவா இருக்குன்னு சொன்னப்பல்லாம், நெட் சரியில்லைன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு."

எடைக்கு ஒரு தகடு

வையம்பட்டியிலிருந்து ஒரு விவசாயியும் அவர் மகள் கவிதாவும் வந்தார்கள். கவிதாவுக்குக் காலேஜில் கடைசி வருஷம். லேப்டாப்பில் இடம் போதாமல், வெளியே செருகுகிற பெரிய டிஸ்க் ஒன்றை ஆன்லைனில் மலிவாக வாங்கி, ப்ராஜெக்ட் முழுவதையும் அதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டாள். இப்போது ஒரு ஃபைலும் திறக்கவில்லை. நாலு நாளில் கொடுத்தாக வேண்டும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நீங்க கைவெச்சா இன்னும் கெடாதுன்னு என்னங்க நிச்சயம்?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. நிச்சயம் எதுவும் இல்லை என்றேன். நல்லவேளை, லேப்டாப்பில் இருந்தது பழைய வகை ஹார்ட் டிஸ்க். அழித்ததை மீட்க வாய்ப்பு உண்டு. அன்று சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி கிடைத்தது. மீதியை எழுதிவிடுவேன் என்று கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் அந்த மலிவு டிஸ்க்கை நெம்பித் திறந்தேன். உள்ளே நகக்கண் அளவு மெமரி கார்டு, இடம் நிறைய இருப்பதாகப் பொய்க்கணக்குக் காட்டுகிற வகை. எடைக்கு ஒரு இரும்புத் தகட்டை ஒட்டியிருந்தார்கள். அப்பா தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "விதையில கல்லு கலந்து குடுத்துப் பாத்திருக்கேங்க. இவன் கல்லை மட்டுமே வித்திருக்கான்!"

அப்பாவின் குரல்

உத்திர வீதியிலிருந்து வந்தவர் கோயில் கைங்கர்யக் குடும்பம். தன் அப்பா பாசுரம் சேவித்ததையெல்லாம் வருஷக்கணக்காகப் பதிவு செய்து வைத்திருந்தார். அப்பா பரமபதித்துவிட்டார். டிஸ்க்கோ நிரம்பி வழிந்து, கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. வேறு பிரதி கிடையாது.

"இதோட நகல் உங்க மெஷின்ல தங்கிடாதே? வெளியில எங்கேயும் போகப்படாது" என்று மூன்று தடவை கேட்டார். புது எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு நகல் ஏறி முடிகிற வரை, கேபிளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர்கூடத் தொடவில்லை. இவ்வளவு சந்தேகமா என்று எனக்குக் கோபம்தான். முடிந்ததும் ஒரு பதிவைப் போட்டுப் பார்த்தார். கணீரென்று ஒரு கிழக்குரல், நடுவில் இருமல், "ஃபேனை நிறுத்துடா" என்று ஒரு அதட்டல். அவர் சட்டென்று எழுந்து என் கடை ஃபேனை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கிளம்பும்போது சொன்னார்: "உங்களை நம்பறேன், இந்தப் புது டப்பாவைத்தான் நம்பலை. பழசையும் குடுத்துடுங்கோ."

நான் லேப்டாப்பைத் திறந்து பார்க்க, வருகிறவர்கள் என்னைத் திறந்து பார்க்க, பதினோரு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.