அத்தை தங்காத வீடு

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது அத்தையின் குறட்டை சட்டென்று நின்றது. அதுவரை வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த பின்சீட்டுக் கல்லூரிப் பையன்கள் "அப்பாடா" என்றார்கள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு நிம்மதி வரவில்லை. அத்தையின் வாய் திறந்திருந்தது. நெஞ்சு எம்பி எம்பித் தவித்தது. மூச்சு மட்டும் வரவில்லை. பாலம் முடியும்வரை அப்படியே இருந்தார். பயந்துபோய் நான் எழுந்து தோளைத் தொடப்போன நேரத்தில், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல ஒரு பெரிய திணறலுடன் மூச்சை இழுத்தார். கண் விழித்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, கொறட்ட வுட்டுட்டனா?" என்று கேட்டார்.

அத்தை என்று நான் சொல்வது என் மனைவியின் தாயாரை. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் இறந்தபின் தனி ஆளாக மகளைப் படிக்கவைத்து, சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார். பொங்கலுக்கு வருவார், குழந்தையின் பிறந்தநாளுக்கு வருவார், மகளுக்குக் காய்ச்சல் என்றால் பலாச்சுளையும் மாத்திரையுமாக ஓடிவருவார். ஆனால் இருட்டத் தொடங்கியதும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு ராத்திரிகூட எங்கள் வீட்டில் அவர் தங்கியதில்லை. "கவர்மெண்ட் டீச்சராச்சே, நம்ம வூட்டுப் பாய்ல படுக்க அவுங்களுக்கு மனசு வருமா?" என்று என் அம்மா சொல்லிக்காட்டுவாள். என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அன்று சிதம்பரத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபோதுதான் அத்தை எல்லாவற்றையும் சொன்னார். "நான் தூங்குனா வூடே அதிரும் மாப்ள. பொம்பள இப்பிடி கொறட்ட வுட்டா சம்மந்தி வூட்டுல என்னா நெனப்பாங்க? எம் பொண்ணுக்குத்தான அசிங்கம்? அதான் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்." அதோடு நிற்கவில்லை. காலையில் எழும்போதே தலை பாரமாக இருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் சாக்பீஸைப் பிடித்தபடியே கண் சொக்கிவிடுகிறது, பெற்றோர் ஒருவர் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்து மெமோ வந்திருக்கிறது. இன்னொரு முறை நடந்தால் மேலிடத்துக்குப் போகும் என்று தலைமையாசிரியர் எச்சரித்திருக்கிறார். "நானும் காப்பி மேல காப்பியா குடிச்சிப் பாக்குறேன். சோம்பேறித்தனம் ஒடம்புல ஊறிப்போச்சி போல" என்றார். இருபத்தைந்து வருடங்கள் ஊர்ப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷி தன்னைச் சோம்பேறி என்று சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. "அத்த, கொறட்டய வுடுங்க. பாலத்து மேல உங்களுக்கு மூச்சே நின்னுடுச்சி. நான் பாத்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை. தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது எப்படித் தெரியும்?

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு நானும் என் மனைவியும் அவரை அழைத்துப்போனோம். தலையிலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது, மூச்சு முட்டியதும் மூளை எழுப்பிவிடுகிறது, திரும்பத் தூங்கினால் திரும்ப அடைக்கிறது, விடியும்வரை இதே போராட்டம் என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு, "நீங்க சோம்பேறி இல்லம்மா. வருசக்கணக்கா நீங்க ஒழுங்கா தூங்கவே இல்ல. வேற யாராயிருந்தாலும் எப்பவோ வேலையே வேணாம்னு வுட்டுருப்பாங்க" என்றார். அத்தை குனிந்து அழுதார். மாமா இறந்தபோதும் மகள் முன்னால் அழாதவர் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள்.

மூக்கில் மாட்டிக்கொள்ளும் முகமூடியும், குழாயும், காற்றை அழுத்தித் தரும் சின்ன மெஷினும் வந்தன. "யானத் தும்பிக்க மாரி இருக்கு" என்று முதலில் ஒதுக்கினார். சில நாள் நடுவில் கழற்றிப் போட்டார். பிறகொரு நாள் காலையில் போன் வந்தது. "மாப்ள, இன்னிக்கி தலவலி இல்ல. பேப்பர மொத பக்கத்துலேருந்து கடைசி பக்கம் வரைக்கும் படிச்சிட்டேன்!" குரலில் அப்படியொரு துள்ளல். டாக்டர் கொடுத்த சான்றிதழைப் பார்த்ததும் பள்ளியில் மெமோவை அத்தோடு விட்டுவிட்டார்கள். மத்தியான வகுப்பையே கேட்டு வாங்கி, உட்காராமல் பாடம் நடத்தத் தொடங்கினார். ஆனாலும் எங்கள் வீட்டில் மட்டும் தங்கவில்லை. குறட்டையைவிட அந்த முகமூடி இன்னும் பெரிய வெட்கமாகிவிட்டது. "சம்மந்திகிட்ட சொல்லிடாதீங்க" என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

2011 முடியும்போது ஒரு பெரும்புயல் அடித்தது. கடலூரில் மரங்களும் மின்கம்பங்களும் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. மெஷின் ஓடாத இரவுகளில் பழைய தலைபாரமும் தூக்கக்கலக்கமும் திரும்பிவிட்டன. எங்கள் தெருவுக்குச் சீக்கிரமே கரண்ட் வந்துவிட்டதால், வழி திறந்ததும் நான் போய் அத்தையைக் கையோடு அழைத்துவந்தேன்.

படுக்கும் நேரத்தில், எல்லோரும் இருந்த கூடத்திலேயே, தலையைக் குனிந்தபடி பையிலிருந்து மெஷினை எடுத்தார். அம்மா என்ன ஏது என்று கேட்க, தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முகமூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா சம்மந்தி இத்தன வருசமா பஸ்ஸப் புடிக்க ஓடுனீங்க? எங்க வூட்ட மட்டமா நெனக்கிறீங்கன்னுல்ல நான் பொருமிக்கிட்டு இருந்தேன்! எங்க வூட்டுக்காரரு கொறட்டைக்கு எதுத்த வூட்டு நாயே கொலைக்கும். போயி அந்த பிளக்கு பக்கமா பாயப் போடுங்க."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அடுத்த மாதமே அப்பாவையும் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனது அத்தைதான்.

அதற்குமுன், அத்தை வந்த சில நாளில், ஒரு காலையில் கடலூரிலிருந்து பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். கரண்ட் வந்துவிட்டதாம், டீச்சர் எப்போது வருகிறார் என்று கேட்டார். அத்தை அம்மாவுடன் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போனை நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்து, "ஸ்கூலு தொறக்கட்டும், வரேன்" என்றார்.