அக்காவுக்காக அடைத்த துவாரம்

இந்த ஊரில் வீட்டுக்குள்ளும் மழை பெய்கிறது. காலையில் எழுந்து திரையை விலக்கினால் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க முத்துமுத்தாக நீர் நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி இன்னொன்றைத் தொடும், இரண்டும் சேர்ந்து கனத்துக் கோடாக இறங்கி மரச்சட்டத்தில் தேங்கும். வெளியே பெய்வது வேறு. இது நாங்களே பெய்வித்தது: எங்கள் மூச்சு, உலை கொதித்த ஆவி, ஹீட்டர் மேல் காயப்போட்ட சட்டையின் ஈரம். பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து வைத்திருக்கிறேன். பல் துலக்கும் முன் அதைக் கொண்டு ஐந்து ஜன்னல்களையும் துடைத்துப் பிழிந்துவிட்டுத்தான் மறுவேலை. கிரீனக் வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓர் ஆறு அகன்று அகன்று கடலாகிவிடும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலுக்குள் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஆறு சீக்கிரமே பழகிவிட்டது. கண்ணாடியின் உள்பக்கத்து மழைதான் இன்னும் பழகவில்லை.

கடலூர் முதுநகரில் நாங்கள் மழைக்குத் தயாரானது வேறு விதம். சிதம்பரத்தில் கல்லூரி படித்த மூன்று வருடமும் வசந்தா அக்கா வீட்டில் இருந்துதான் பஸ் ஏறினேன். வானொலியில் தாழ்வு மண்டலம் என்ற சொல் விழுந்ததும் மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். பீரோவின் நாலு காலுக்கும் செங்கல். அரிசி டிரம் பரண்மேல். காற்றுக்கு முறியும் முன் நாமே வெட்டிவிடலாம் என்று முருங்கையின் தலை தரையில் கிடக்கும், மூன்று நாளைக்குக் கீரைதான் குழம்பு. வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் குக்கருக்குள் வைத்து, ரப்பர் வளையம் போட்டு மூடி, வெயிட்டையும் வைத்துப் பரணில் ஏற்றுவாள் அக்கா. வெள்ளமே வந்தாலும் குக்கர் மிதக்கும், பத்திரம் நனையாது. எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக வென்டிலேட்டர். சுவரின் உச்சியில் இருக்கும் அந்த ஓட்டை வழியாகத்தான் கடல்காற்று மழையைப் படுக்கப்போட்டு உள்ளே தள்ளும். மாமா ஸ்டூலில் ஏறுவார், நான் கீழிருந்து சாக்கை நீட்டுவேன். "இன்னொரு மடிப்பு மடிச்சுக் குடு மச்சான். காத்து இன்னா நம்ம சம்பந்தியா, வழி விட்டு நிக்கறதுக்கு?" என்பார். புயல் போன மறுநாள் சாக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு எல்லாக் கதவையும் மல்லாக்கத் திறந்து போடுவோம். மத்தியானத்துக்குள் வெயில் வந்து வீட்டைத் துடைத்துக் கொடுத்துவிடும். எங்கள் ஊர் மழைக்கு ஒரு முடிவு உண்டு. என் கை கற்ற பாடம் அவ்வளவுதான்: மழை வந்தால் அடை.

மாமா இறந்து ஆறு வருடம். அக்கா அதே வீட்டில் தனியாக இருந்து நைட்டியும் பிளவுஸும் தைத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி பிறந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். சுவரில் ஈரம் ஏறும்போது அவள் நெஞ்சிலும் ஏறும். சிதம்பரத்து டாக்டர் இந்த ஈரம் உங்களுக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன வருடம் அவளுக்கு ஆறு மாத விசா கிடைத்தபோது நானும் என் மனைவி செல்வியும் பேசி முடிவெடுத்தோம், மழைக்காலம் முழுக்க அவள் இங்கே இருக்கட்டும் என்று. அவளுடைய மூச்சுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். எனக்காகவும்தான். ஊரிலிருந்து ஒரு குரல் இந்த வீட்டுக்குள் அடுத்த அறையிலிருந்து கேட்க வேண்டும் என்று ஏங்கிப்போயிருந்தேன்.

அவளுக்கான பின்னறையைக் குறைந்த செலவில் தயார் செய்தேன். பார்சலில் வந்த குமிழ் பிளாஸ்டிக்கை ஜன்னல் அளவுக்கு வெட்டி, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து ஒட்டினேன். ஹீட்டருக்குப் பின்னால் சுவரில் அலுமினியத் தாள். திரைக்கு உள்பக்கம் பழைய கம்பளி. கதவிடுக்கில் வைக்க செல்வியின் கிழிந்த சுடிதார் காலில் துணிகளை அடைத்து ஒரு பாம்பு. எல்லாம் சரி, எல்லாம் இந்த ஊர்க்காரர்களே செய்வதுதான். அதன்பிறகு ஒரு காரியம் செய்தேன், எங்கள் கரைக்காரன் மட்டுமே செய்யக்கூடியது. ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, சுவரில் கையகலத்துக்கு ஒரு சல்லடை இருந்தது. அதிலிருந்து ஊசிபோலக் காற்று வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, பழைய போர்வையை மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்து, இறுகத் திணித்து, மேலே டேப்பும் ஒட்டினேன். கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டபோது மாமா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார் என்று தோன்றியது.

எச்சரிக்கை எதிர் வீட்டிலேயே இருந்தது, எனக்குத்தான் புரியவில்லை. பஸ் ஓட்டும் மொய்ரா, புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலையிலும் முன்ஜன்னலையும் பின்ஜன்னலையும் திறந்து வைத்திருப்பாள். மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம், சூடெல்லாம் போகிறதே என்று ஒருநாள் கதவைத் தட்டி, உங்கள் ஜன்னல் திறந்திருக்கிறது என்றேன். அவள் முகம் சிவந்தது. மன்னித்துக்கொள், தொந்தரவா என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். நான் நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன். பதினோரு வருடத்தில் இந்த ஊரோடு நான் பேசியதில் பாதி இப்படித்தான் முடிந்திருக்கிறது.

அக்கா வந்தாள். முதல் வாரம் வீடு வீடாக இருந்தது. என் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் வந்தது. கதவிடுக்கில் கிடந்த துணிப் பாம்பைப் பார்த்துச் சிரித்தே மாய்ந்து, அதைப் பிரித்து ஒழுங்காகத் தைத்து இரண்டு கண்ணும் வைத்தாள். போனில் புயல் எச்சரிக்கை ஒன்று மஞ்சள் நிறத்தில் வந்ததும், யாரிடமும் கேட்காமல் தன் பாஸ்போர்ட்டைக் கவரில் சுற்றி என் குக்கருக்குள் வைத்து மூடிவிட்டாள். "அக்கா, நம்ம வீடு ரெண்டாவது மாடி" என்றேன். "மாடின்னா தண்ணி வராதா? போடா" என்றாள். அன்றிலிருந்து சோறு பானையில்தான் வெந்தது.

மூன்றாவது வாரம் இருமல். பிறகு விசில் போல அந்தச் சத்தம், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. குளிர்தான் காரணம் என்று ஹீட்டரைக் கூட்டினேன். இன்னொரு கம்பளி தொங்கவிட்டேன். அடுப்பில் ஆவி பிடிக்க வைத்தேன். நான் கூட்டக் கூட்ட அவளுக்கு இழுப்பு ஜாஸ்தியானது. அங்கே அவளை இழுத்த ஈரத்திலிருந்து தப்பிக்கத்தான் ஏழு கடல் தாண்டிக் கூட்டி வந்தேன், இங்கே அவள் படுக்கையில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். கண்டுபிடித்தது அவள்தான். "தம்பி, இந்த ரூம்ல ட்ரங்குப் பெட்டிய ரொம்ப நாள் கழிச்சுத் தொறந்த வாசன வருது. அந்தப் பீரோவ இழு" என்றாள். இழுத்தேன். பின்சுவர் பூஞ்சை பிடித்து, கரிபிடித்த சட்டியின் அடிப்புறம்போல் கறுத்திருந்தது, ஆளுயரத்துக்கு. தொட்டால் கையில் ஒட்டியது.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அண்ணாந்து சல்லடையைப் பார்த்தாள். "யார் அடைச்சா?"

"நான்தான். நீ வர்றதுக்கு முன்னால."

"மாமா மாதிரியே மடிச்சிருக்க." அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஸ்டூலைத் தேடிப் போனவள் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நானே ஏறிப் பிடுங்கினேன். போர்வை துவைத்துப் பிழியாத துணிபோல் நனைந்திருந்தது; வெளியே போகவேண்டிய ஈரமெல்லாம் அதில் நின்றிருந்தது.

மறுநாள் காலை நான் எழுந்தபோது முன்ஜன்னலும் பின்ஜன்னலும் திறந்து கிடந்தன. குமிழ் பிளாஸ்டிக் சுருட்டி மூலையில் இருந்தது. அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு. "அக்கா, சூடெல்லாம் போவுது." "சூடு திரும்ப வரும். பத்து நிமிசம் சும்மா இரு. ஊர்ல மழ விட்டதும் தொறக்கறோம்ல? இங்க விடவே விடாது. அதனால தெனமும் தொறக்கணும், அவ்வளவுதான்." எதிர்ஜன்னலில் மொய்ரா நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தினாள். அக்கா இரண்டு கையிலும் உயர்த்தினாள். நான் பதினோரு வருடமாகப் பேசாததை இருவரும் ஒரு காலையில் பேசி முடித்துவிட்டார்கள். சுவரை வினிகர் போட்டுத் துடைத்தோம், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம், பானைக்கு மூடி போட்டுச் சோறு வடித்தோம். பத்து நாளில் அவள் இருமல் அடங்கியது. சித்திரை வரை இருப்பாள் என்று நான் மனதுக்குள் நாள் நீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மும்தாஜ் கூப்பிட்டாள். முதுநகரில் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி, சாவி அவளிடம்தான் இருந்தது. "அக்கா, ரெண்டு நாளா ஊத்துது. ஒங்க வீட்டு மேல் ஓட்ட வழியா தண்ணி சாரல் சாரலா உள்ள வந்து மெஷின் மேலயே அடிக்கிது. தார்ப்பாய் போட்டுட்டேன். சாக்கு வைக்கலாம்னு ஏறுனா எனக்கு எட்டல. ஒயரமா கட்டி வச்சிட்டுப் போயிட்டாரு ஒங்க வூட்டுக்காரரு." அக்கா சிரித்தாள். போனை வைத்ததும் சிரிப்பு நின்றது. அன்று முழுக்க ஜன்னலருகேயே இருந்தாள். சாயங்காலம் சொன்னாள், "எனக்கு டிக்கெட்ட மாத்திக் குடுடா."

"அங்க போனா திரும்ப இழுக்கும், அக்கா. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"இழுக்கும். மருந்து இருக்கு."

"இன்னும் நாலு மாசம் இருக்கலாம்ல? நான் சொவர அப்படி ஆக்கிட்டேன்னு கோவமா?"

"கோவப்பட்டா நான் எதுக்கு அதத் தொடைக்கிறேன்? நீ தொறக்கக் கத்துக்கிட்ட. அங்க மூடறதுக்கு ஆள் இல்லடா." என் தலையை ஒருமுறை தடவினாள். ஐம்பத்தொரு வயதுத் தலை.

மார்கழி பிறக்கும் முன் போய்விட்டாள். குக்கரிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பழையபடி மூடி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஒரு வாரம் கழித்துப் பருப்பு வேகவைக்க அதைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் கவர், கவருக்குள் முதுநகர் வீட்டின் இன்னொரு சாவி. போன் செய்து, மறந்துவிட்டாயா என்று கேட்டேன். "மறக்கல. அங்கேயே இருக்கட்டும், நனையாது" என்றாள். குக்கரை மூடிப் பரணில்லாத இந்த வீட்டின் அலமாரி உச்சியில் வைத்தேன்.

இன்று காலை மறுபடியும் கடலூருக்குப் புயல் எச்சரிக்கை. எனக்கு எட்டு மணி, அவளுக்கு மத்தியானம். வீடியோவில் கூப்பிட்டேன். போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு அக்கா ஸ்டூலில் ஏறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இழுப்பது கேட்டது. "ஏறாத அக்கா" என்றேன். "வேற யாரு, நீயா ஏறப்போற? மும்தாஜு, இன்னொரு மடிப்பு மடிச்சுக் குடு." கீழிருந்து ஒரு கை சாக்கை நீட்டியது. அந்தக் கை இருந்த இடம் என்னுடையது. ஓட்டையில் சாக்கு ஏற ஏற, அந்த அறையில் இருந்த சாம்பல் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, திரை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும்: "தொறந்துட்டியா?"

"தொறந்துட்டேன்."

அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூடி போட மறந்திருந்தேன். சோற்று ஆவி பின்னறைக்கு நகர்ந்து, சுவரேறி, சல்லடை வழியாக இந்த ஊரின் மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறிச் சல்லடைமேல் உள்ளங்கையை வைத்தேன். ஒரு கணம் அடைத்துப் பார்த்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டேன்.